விலைப் பட்டியலுக்கு முன்னால் காதின் அச்சு

இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஒரகடம் வரை ப்ரெஸ் ஷாப்பிலும் வெல்டிங் லைனிலும் வருஷக்கணக்கில் நின்றவர்களிடம் கேட்கும் குறை பெரும்பாலும் ஒன்றுதான்: சத்தம் கேட்கிறது, பேச்சு புரியவில்லை. இதை வயசுக் கோளாறு என்று தள்ளிவிடக் கூடாது. இயந்திர இரைச்சல் முதலில் அரிப்பது 4000 ஹெர்ட்ஸ் பக்கத்தை. தாழ்ந்த ஒலிகள் நெடுநாள் தப்பித்திருக்கும். அதனால் உயிரெழுத்து காதில் விழும், 'ச' போன்றவை நழுவும். 'பசி' என்றால் 'படி' என்று கேட்கும். இரைச்சலால் வரும் கேளாமை 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்திலேயே நோய்ப் பட்டியலில் இருந்தது. இத்தகைய காதில் எல்லா ஒலியையும் ஒரே அளவில் உயர்த்தும் காது மெஷினை மாட்டினால் எரிச்சல்தான் மிஞ்சும். விலையைப் பார்க்கும் முன் கேட்டல் நிபுணரான ஆடியாலஜிஸ்டின் கைவேலையைப் பாருங்கள் என்று நான் வலியுறுத்துவது அதனால்தான்.

அந்த வேலையை அருகிலிருந்து பார்க்க வேண்டும். நூல் கட்டிய சின்னப் பஞ்சைக் காதுக்குள் இரண்டாவது வளைவு தாண்டி நிறுத்தி, பிசைந்த சிலிக்கானை ஊசிக்குழாயால் நிரப்புகிறார்கள். சில நிமிடத்தில் இறுகியதை மெல்லச் சுழற்றி எடுத்தால் அந்தக் காதின் அச்சு. அதிலிருந்து செய்யும், காதுக்குள் பொருந்தும் மோல்டில் காற்றுத் துளையை எவ்வளவு அகலம் வைப்பது என்பதில்தான் சூட்சுமம். தாழ்ந்த ஒலி நன்றாகக் கேட்பவருக்குத் துளை சிறுத்தால் சொந்தக் குரலே பானைக்குள் பேசியதுபோல் முழங்கும். பெருத்தால் மெஷின் விசிலடிக்கும். மைசூருவிலுள்ள அகில இந்தியப் பேச்சு, கேட்டல் நிறுவனம் இந்தத் தொழிலுக்கென்றே டிப்ளமோ நடத்தியிருக்கிறது. அடுத்துப் பார்க்க வேண்டியது, மாட்டுகிறவரின் ஒரு நாள். பைக்கில் போகிறவருக்கு ஹெல்மெட்டைக் கழற்றும்போது காதுக்குப் பின்னால் உட்காரும் மெஷின் தெறித்து விழலாம். வியர்வையில் நனைபவர் ராத்திரி அதைச் சிலிக்கா ஜெல் டப்பாவில் உலர்த்த வேண்டும். லைனில் மெஷினை அணைத்துவிட்டு அதையே காதடைப்பாக நம்புவது ஆபத்து. அங்கே தேவை முறையான காதுப் பாதுகாப்பு. மெஷின், கேன்டீனுக்கும் கம்பெனி பஸ்ஸுக்கும் வீட்டுக்கும்.

ஆன்லைனில் மலிவாக வாங்கி ஆப்பில் சரிசெய்துகொண்டால் போதாதா என்று கேட்பதில் நியாயம் இல்லாமல் இல்லை. அமெரிக்கா 2022இல் லேசான, நடுத்தரக் குறைபாடுள்ள பெரியவர்களுக்கு நேரடி விற்பனையை அனுமதித்தது. இந்தியானா பல்கலைக்கழகம் 2017இல் வெளியிட்ட ஆய்விலும் தாமே தேர்ந்தெடுத்தவர்கள் பலன் பெற்றார்கள். ஆனால் நிபுணர் பொருத்திய குழுவைவிட அவர்களுக்குத் திருப்தி குறைவு. மேலும் அவர்கள் வயதால் கேட்கும் திறன் குறைந்த முதியவர்கள். இரைச்சலில் தினமும் நிற்கும் முப்பத்தைந்து வயதுக்காரருக்கு அந்த முடிவை அப்படியே நீட்ட முடியாது. ஒரு காது மட்டும் மந்தமானாலோ, சீழ் வடிந்தாலோ, தலைசுற்றினாலோ முதலில் காது மூக்குத் தொண்டை டாக்டரைப் பார்க்க வேண்டும். ஆப் அதைச் சொல்லாது. செலவுதான் தடை என்றால், சாதாரண டிஜிட்டல் மெஷினையே அளந்து பொருத்தச் சொல்லலாம், சரியாகப் பொருத்தாத விலையுயர்ந்த மெஷினைவிட அது மேல். ஆடியாலஜிஸ்டிடம் போகும்போது கம்பெனி மருத்துவப் பரிசோதனையில் எடுத்த பழைய ஆடியோகிராம்களை (கேட்கும் திறன் வரைபடங்களை) கேட்டு வாங்கிப் போங்கள். 4000 ஹெர்ட்ஸில் விழுந்த பள்ளம் வருஷத்துக்கு வருஷம் எவ்வளவு ஆழமானது என்பது அந்தத் தாள்களில் இருக்கிறது; ஆடியாலஜிஸ்ட் அங்கிருந்துதான் தொடங்குவார்.