மண்ணெண்ணெய் முதல் மின்கலம் வரை

நாம் வாழும் கொலோன் மாநகருக்கும் மோட்டார் வண்டிக்குமுள்ள உறவு மிகப் பழையது. 1864ஆம் ஆண்டில் நிக்கொலவுஸ் ஒட்டோவும் ஒய்கன் லாங்கனும் இணைந்து இங்கே ஓர் இயந்திரத் தொழிற்சாலையை நிறுவினர். எரிபொருளைத் தன்னுள்ளே எரித்து இயங்கும் இயந்திரங்களுக்கென உலகில் எழுந்த முதலாவது தொழிற்சாலை அதுவே. அவர்களது இயந்திரம் 1867இல் பாரிஸ் கண்காட்சியில் தங்கப் பதக்கம் பெற்றது. அதற்குக் காரணம் அதன் சிக்கனமாகும். அந்நாளைய ஏனைய இயந்திரங்கள் உட்கொண்ட வாயுவில் பாதிக்கும் குறைவானதே அதற்குப் போதுமாயிருந்தது. 1876இல் டொய்ட்ஸில் ஒட்டோ உருவாக்கிய நான்கடிப்பு இயந்திரமும் பெற்றோலில் ஓடவில்லை. விளக்கெரிக்கும் வாயுவிலேயே ஓடிற்று. எனவே, பெற்றோல் இயந்திரத்தின் உடன்பிறப்பன்று. இடையில் வந்த துணையே.

இவ்வுண்மையை நூல்களிற் கற்குமுன்னரே வாழ்விற் கற்றவர்கள் நம் பெற்றோர். 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபின் யாழ்ப்பாணக் குடாநாட்டிற்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டது. அப்போது கைகொடுத்தவை மொறிஸ் மைனர், ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் போன்ற பழைய கார்களே. பெற்றோல் குளிர்ந்த நிலையிலும் எளிதில் ஆவியாகும். மண்ணெண்ணெய்க்கோ வெப்பம் வேண்டும். ஆகவே சில துளி பெற்றோலை விட்டு இயந்திரத்தை உயிர்ப்பித்து, அது சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினோம். சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டோம். ஜாம் போத்தல் விளக்கொளியிற் பாடம் படித்தோம். நோயாளரைச் சைக்கிளில் ஏற்றி வைத்தியசாலைக்குக் கொண்டு சென்றோம்.

இவற்றைப் பெருமைக்காகக் கூறவில்லை. மண்ணெண்ணெய்ப் புகை கண்ணையும் மூச்சையும் வருத்தியது. உரிய நேரத்தில் வாகனமின்றி இழந்த உயிர்களும் உண்டு. தட்டுப்பாடு நல்லாசிரியனன்று. எனினும், ஒவ்வொரு துளியையும் எண்ணிச் செலவிடும் பழக்கத்தை அது நமக்கு ஊட்டியது. 2022இல் இலங்கை முழுவதுமே அப்பாடத்தைப் படிக்க நேர்ந்தது. அவ்வாண்டு ஜூலையில் அறிமுகமான எரிபொருள் அட்டை முறையின்படி, தொடக்கத்தில் மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றரும் காருக்கு 20 லீற்றருமே வழங்கப்பட்டன.

இன்று மாற்றம் நம் வாசலுக்கே வந்துள்ளது. கொலோன் நீல் பகுதியில் 1931 முதல் கார்களைச் செய்துவரும் போர்ட் தொழிற்சாலை, 2023 ஜூலையில் பியஸ்ரா காரின் உற்பத்தியை நிறுத்தி, 2024 ஜூனில் மின்சாரக் கார் உற்பத்தியைத் தொடங்கியது. பெற்றோற் காரில் எரிபொருளின் சக்தியில் ஏறத்தாழ நான்கிலொரு பங்கே சில்லுகளைச் சுழற்றுகின்றது. எஞ்சியதிற் பெரும்பகுதி வெப்பமாக வீணாகின்றது. மின்மோட்டரோ தான் பெறும் சக்தியில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் இயக்கமாக மாற்றுகின்றது. அண்மையிலுள்ள ஹியூர்த் இரசாயனத் தொழிற்சாலைகளில் உபபொருளாக வெளிப்படும் ஐதரசனைக் கொண்டு 2011 முதல் இவ்வட்டாரத்திற் பேருந்துகளும் ஓடத் தொடங்கின.

ஆயினும் இரண்டு கேள்விகளை நாம் மறத்தலாகாது. முதலாவது, அந்த மின்சாரம் எங்கிருந்து வருகின்றது? 2024இல் யேர்மனியின் மின்சாரத்தில் பாதிக்கு மேல் காற்று, சூரியன் முதலிய வற்றாத மூலங்களிலிருந்து கிடைத்தது. எனினும் கொலோனுக்கு மேற்கே பழுப்பு நிலக்கரிச் சுரங்கங்கள் இன்னும் அகழப்படுகின்றன. இரண்டாவது, உழைப்பவர் நிலை யாது? மின்சாரக் கார்களுக்கான கேள்வி எதிர்பார்த்த அளவு வளரவில்லையெனக் கூறி, அத்தொழிற்சாலையில் ஆட்குறைப்பு 2024இலும் 2025இலும் அறிவிக்கப்பட்டது. தொழிற்சாலை ஊதியத்தில் இல்லறம் நடத்தும் நமக்கு இது அயலார் கதையன்று.

அன்புச் சிறார்களே! நாளைய வண்டி எதனால் ஓடும் என்பதைத் தீர்மானிக்கும் பொறியியலாளர்களாய் உங்களுட் சிலர் வரக்கூடும். அதற்கு முன்னோடியாக, மண்ணெண்ணெயில் கார் ஓட்டிய விதத்தை உங்கள் அப்பாவிடமோ அம்மப்பாவிடமோ கேட்டுத் தமிழில் எழுதி வாருங்கள். பெற்றோரே! ஒரே தெருவிலிருந்து தமிழ்ப் பள்ளிக்கு வரும் மூன்று குடும்பப் பிள்ளைகள் ஒரே காரில் வரலாம். அன்று தடையினாற் கைக்கொண்ட சிக்கனத்தை இன்று நம் விருப்பினாற் கைக்கொள்வோம்.