காய்ச்சின தண்ணியும் கழுவாத குடமும்

"தண்ணிய நல்லா காய்ச்சி ஆறவச்சுக் குடிங்கம்மா."

இந்த வாக்கியத்தை எத்தனை ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன் என்று எனக்கே கணக்கு இல்லை. பேதி, டைபாய்டு, மஞ்சள்காமாலை, எது வந்தாலும் சீட்டில் கடைசி வரி அதுதான். ரப்பர் ஸ்டாம்பு மாதிரி. அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு ஒரு அம்மாவை நான் திட்டிய கதையைத்தான் இன்று சொல்லப் போகிறேன். கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள், உங்கள் வீட்டுச் சமையலறைக்கும் இதில் வேலை இருக்கிறது.

வட மாவட்டம் ஒன்றில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்த நேரம். 13 மாதக் குழந்தை. 2 மாதத்துக்குள் 3வது முறையாகப் பேதி. கண் குழி விழுந்து, அழுதால் கண்ணீர் வரவில்லை. ஓ.ஆர்.எஸ். கொடுத்து, 14 நாளைக்கு ஜிங்க் எழுதி, சாயங்காலம் வரை வைத்திருந்து தேற்றினோம். அனுப்பும்போது எனக்குக் கோபம் வந்துவிட்டது. "எத்தன தடவ சொல்றது? தண்ணி காய்ச்சித்தான் குடுக்கறியா இல்லயா?" என்று கேட்டேன். ஒருமையில்தான் கேட்டேன், அதை மறைக்க விரும்பவில்லை.

"காய்ச்சித்தான் சார் குடுக்கறேன்."

நான் நம்பவில்லை. வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் பார்க்க, "பொய் சொல்லாதம்மா" என்றேன். அவர் ஒன்றும் பேசவில்லை. குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

எங்கள் கிராம சுகாதார செவிலியர் என்னைவிட 20 வயது மூத்தவர். பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். "நாளைக்கு எனக்கு அந்த ஊர்லதான் சார் வேலை. நீங்களும் வாங்களேன், ஒரு எட்டு பார்த்துட்டு வந்துடலாம்" என்றார். அவ்வளவுதான். அதற்குமேல் ஒரு வார்த்தை இல்லை.

போனோம். தெருக்குழாயில் 4 நாளைக்கு ஒரு முறை தண்ணீர் வரும் ஊர். நாங்கள் போனபோது வாசலில் 3 கல் அடுப்பில் சவுக்கு மிளாறு எரிகிறது, மேலே அலுமினியப் பானையில் தண்ணீர் தளதளவென்று கொதித்துக்கொண்டிருக்கிறது. யாரும் வரப்போவதாக அவரிடம் சொல்லவில்லை. அவர் பாட்டுக்குத் தினமும் செய்கிற வேலையைச் செய்துகொண்டிருந்தார்.

என் முகம் எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு நடந்ததுதான் விஷயம். கொதித்த தண்ணீர் ஆறியதும் அதை ஒரு பிளாஸ்டிக் குடத்தில் ஊற்றினார். காலையில் அதே குடத்தில்தான் குழாய்த் தண்ணீர் பிடித்து வந்திருந்தார். மேலே ஒரு தட்டு, தட்டின்மேல் ஒரு டம்ளர். கொஞ்ச நேரத்தில் 5 வயதுப் பெண் வெளியிலிருந்து ஓடி வந்தாள். தட்டைத் தள்ளினாள், டம்ளரோடு சேர்த்து மணிக்கட்டு வரை கையை உள்ளே விட்டு மொண்டாள், குடித்தாள், மிச்சத்தைத் தம்பிக்குக் கொடுத்தாள். செவிலியர் என்னை ஒரு பார்வை பார்த்தார்.

எங்கள் சுகாதார ஆய்வாளரிடம் எச்2எஸ் பாட்டில்கள் இருந்தன. உள்ளே மருந்து தோய்த்த காகிதத் துண்டு இருக்கும். தண்ணீரை ஊற்றி ஓரிரண்டு நாள் வைத்தால், மலக் கிருமிகள் இருந்தால் கறுத்துவிடும். பானையிலிருந்து நேராக ஒன்று, மறுநாள் காலை குடத்திலிருந்து ஒன்று எடுத்தோம். பானைத் தண்ணீர் அப்படியே இருந்தது. குடத்துத் தண்ணீர் மை மாதிரி கறுத்துப்போனது.

அந்த அம்மா சொன்னது முழு உண்மை. பொய்யாகிப் போனது என் ஸ்டாம்பு வரிதான்.

காய்ச்சுவது கிருமியைக் கொல்லும். சந்தேகமே இல்லை. நன்றாகக் கொதி வந்தபின் 1 நிமிடம் போதும், 20 நிமிடம் கொதிக்கவிட்டு கேஸைத் தீர்க்க வேண்டாம். ஆனால் கொதித்த தண்ணீருக்குக் காவல் கிடையாது. ஆறிய அடுத்த நிமிடம் ஒரு விரல் பட்டால் அது மறுபடி வெறும் தண்ணீர்தான். குளோரின் போட்ட தண்ணீரில் மட்டும், கொன்றது போக மிச்சம் கொஞ்சம் உள்ளேயே நின்று காவல் காக்கும். வீட்டுக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிச்சக் குளோரின் இருக்க வேண்டும் என்று விதி வைத்திருப்பதே அதனால்தான். அந்த ஊரில் தொட்டியில் பிளீச்சிங் பவுடர் போட்டார்கள். தொட்டிக்குப் பக்கத்துக் குழாயில் குளோரின் இருந்தது. 3 நாள் டிரம்மில் கிடந்த தண்ணீரில் துளிகூட இல்லை.

இது நம் ஊர்க் கதை மட்டும் இல்லை. 1991இல் தென் அமெரிக்காவில் காலரா பரவியபோது அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையத்தினர் போய்ப் பார்த்தார்கள். வாய் அகன்ற பாத்திரமும் அதற்குள் போகும் கையும்தான் அங்கேயும் பெரிய சிக்கல். பிறகு அவர்கள் ஏழை வீடுகளுக்கென்று உருவாக்கிய திட்டத்தில் பெரிய மெஷின் எதுவும் கிடையாது. ஒரு சின்ன பாட்டில் குளோரின் கரைசல், வாய் குறுகிய டேப் வைத்த ஒரு கேன், கொஞ்சம் பேச்சு. தெளிந்த தண்ணீருக்கு லிட்டருக்கு 2 மில்லிகிராம், கலங்கலுக்கு இரண்டு மடங்கு, அரை மணி நேரம் காத்திருப்பு. முடிந்தது.

வங்கதேசத்தில் நடந்தது இன்னும் சுவாரசியம். ரீட்டா கோல்வெல் என்ற விஞ்ஞானி, காலராக் கிருமி தண்ணீரில் தனியாக மட்டும் மிதப்பதில்லை, கண்ணுக்குத் தெரியாத குட்டி நீர்ப்பூச்சிகளின் மேல் ஒட்டிக்கொண்டும் சவாரி செய்கிறது என்று கண்டவர். பூச்சியை வடிகட்டினால் கிருமியும் பெருமளவு போகுமே! எதை வைத்து வடிகட்டுவது? பழைய பருத்திப் புடவை. புதுசு வேண்டாம், துவைத்துத் துவைத்து நூல் உப்பி ஓட்டைகள் சிறுத்துப்போன பழசுதான் நல்லது. 4 முதல் 8 மடிப்பு. 65 கிராமங்களில், 1999 முதல் 2002 வரை நடந்த ஆய்வில் காலரா 48% குறைந்தது.

உடனே குழாயில் வேட்டித் துணி கட்டியிருக்கிறோமே, போதும் என்று நினைக்காதீர்கள். தனியாகத் திரியும் பாக்டீரியாவும் வைரஸும் துணிக்குள் தாராளமாகப் போகும். நம் பாட்டிகள் பானையில் உரசிய தேத்தாங்கொட்டையும் அப்படித்தான். கலங்கலைத் தெளியவைக்கும், கிருமிக்கு அதை மட்டும் நம்ப முடியாது. ஆனால் இவை வீண் வேலை இல்லை. கலங்கல் தண்ணீரில் குளோரின் மண்ணோடு மல்லுக்கட்டியே தீர்ந்துபோகும், அதனால் முதலில் தெளியவைத்துவிட்டுப் பிறகு மருந்து போடுவதுதான் முறை.

புடவை ஆய்வின் பின்கதையையும் சொல்லிவிடுகிறேன். 5 வருடம் கழித்து அதே கிராமங்களில் போய்க் கேட்டார்கள். 31% பெண்கள்தான் இன்னும் தண்ணீரை வடிகட்டிக்கொண்டிருந்தார்கள். காசு செலவே இல்லாத வழி, பலன் கண்ணால் பார்த்த வழி, அப்படியும்! நான் அவர்களைக் குறை சொல்லமாட்டேன். தினமும், ஒரு நாள் விடாமல், வேறு 10 வேலைக்கு நடுவே செய்ய வேண்டிய எதுவும் இப்படித்தான் தேயும். கஷ்டம் என்னவென்றால், நடுவில் சில நாள் விட்டாலே வருடம் முழுக்கச் செய்ததன் பலனில் பெரும்பகுதி போய்விடுகிறது என்று கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார்கள்.

மேற்கு கென்யாவில் மைக்கேல் கிரெமர் குழுவினர், 2019இல் பொருளாதார நோபல் வாங்கினாரே அவர்தான், இதை வேறு பக்கமிருந்து பிடித்தார்கள். குளோரின் பாட்டிலைக் கடையில் விற்றபோது 10 வீட்டில் 1 வீடுகூட வாங்கவில்லை. பிறகு அதையே தண்ணீர் பிடிக்கும் இடத்தில் ஒரு பெட்டிக்குள் இலவசமாக வைத்தார்கள். திருகினால் ஒரு கேனுக்கான அளவு விழும். பாதிக்கு மேற்பட்டவர்கள் போட்டுக்கொண்டார்கள். அடுத்தவர் பார்க்கிறார், கேன் கையில் இருக்கிறது, நடந்து வீடு போவதற்குள் மருந்து கலந்துவிடுகிறது. பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்து அந்தக் குழு பார்த்ததில், தண்ணீரைச் சுத்திகரிப்பது 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளின் மரணத்தைச் சுமார் கால்வாசி குறைக்கிறது. இவ்வளவு மலிவாக இவ்வளவு உயிரைக் காக்கும் மருந்து என் அலமாரியில் அதிகம் கிடையாது.

சரி, உங்கள் வீட்டுக்கு வருவோம். 20 லிட்டர் கேன் வாங்குகிறீர்களா? அதைக் கவிழ்க்கும் பானையையும் டேப்பையும் கடைசியாக எப்போது தேய்த்துக் கழுவினீர்கள்? ஆர்.ஓ. இருக்கிறதா? அதிலிருந்து பிடித்து வைக்கிற பாட்டிலின் மூடியை ஒரு தடவை முகர்ந்து பாருங்கள். மேல்தொட்டித் தண்ணீர் என்றால் 1000 லிட்டருக்குச் சுமார் 2.5 கிராம் நல்ல பிளீச்சிங் பவுடர். ஒரு வாளித் தண்ணீரில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியபின் மேலே தெளிந்ததை மட்டும் ஊற்றி 1 மணி நேரம் விடுங்கள். திறந்து கிடந்த பழைய பவுடரில் வீரியம் இருக்காது. குளோரின் மாத்திரை என்றால் ஒன்று எத்தனை லிட்டருக்கு என்று அட்டையிலேயே போட்டிருக்கும், பக்கத்து வீட்டைக் கேட்காமல் அதைப் படியுங்கள்.

ஒரு எச்சரிக்கை. இதெல்லாம் கிருமிக்கு மட்டும். தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் ஃபுளோரைடு இருக்கிற போர் தண்ணீரைக் காய்ச்சினால் ஃபுளோரைடு போகாது. தண்ணீர் வற்ற வற்ற அதன் அடர்த்தி கூடத்தான் செய்யும். அதற்கு வைத்தியம் வேறு, தனிப் பதிவே வேண்டும்.

அந்த அம்மாவிடம் அன்றே அவர் வாசலில் வைத்து, "நேத்து நான் பேசினது தப்புங்கம்மா" என்று சொன்னேன். அவர் "பரவால்ல சார்" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார். பரவாயில்லை என்கிற முகம் அது இல்லை.

செவிலியர்தான் அடுத்த சந்தையில் டேப் வைத்த ஒரு பிளாஸ்டிக் டிரம் வாங்கவைத்தார். சின்னவள் கையே போகாத மூடி. குளோரின் மாத்திரையும் எங்களிடமிருந்தே போனது. சில மாதம் கழித்து அந்தக் குழந்தையை எம்.ஆர். இரண்டாவது தடுப்பூசிக்குத் தூக்கிக்கொண்டு வந்தார். எடை ஏறியிருந்தது. நடுவில் ஒரு தடவை பேதி ஆனதாம், ஓ.ஆர்.எஸ்.ஸிலேயே வீட்டில் சமாளித்துவிட்டாராம். டிரம் எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"டேப்பு ஒழுகுது சார். எம்-சீல் போட்டு ஒட்டி வச்சிருக்கேன்."