கூண்டுக்குள் ஒரு தடுப்பு

சித்தூர் பக்கம் மானாவாரி வேர்க்கடலைக் கொல்லைகளில் இருட்டியபின் நடந்தவர்களுக்கு வெள்ளெலியைத் தெரிந்திருக்கும். மணல் நிற முதுகு, வெளுத்த வயிறு, நுனியில் மயிர்க்கொத்து வைத்த நீள வால். டார்ச் வெளிச்சம் பட்டால் பின்னங்காலால் எம்பி எம்பிப் போகும். அதற்குத் தூரத்து உறவுதான் மங்கோலிய ஜெர்பில். 1954-ல் ஜப்பானிலிருந்து அமெரிக்கா போன 11 ஜோடிகளின் வம்சம் இன்று பல நாடுகளில் வீட்டுப் பிராணி.

திருப்பதியில் படிக்கும் என் அக்கா மகன் அதில் இரண்டை, ஒரே ஈற்றுப் பெண்குட்டிகளை, சென்னை நண்பனிடம் வாங்கி வந்து வளர்க்கிறான். ஒன்றின்மேல் ஒன்று படுத்துத் தூங்கியவை. ஒன்றுக்குக் கண்ணில் புண் வந்ததால் கொஞ்ச நாள் தனியே வைத்துப் பார்த்தான். தேறியதும், "தனியா இருந்தா பாவம்டா" என்று அக்கா சொல்ல, பழைய கூண்டிலேயே விட்டுவிட்டான். அன்று ராத்திரியே எனக்குப் போன்: "மாமா, ரத்தம் வருது."

ஜெர்பில் தன் கூட்டத்தை வாசனையால்தான் அறியும். வயிற்றின் நடுவில் இருக்கும் சுரப்பியைத் தரையில் தேய்த்துத் தன் இடத்துக்கு அடையாளம் வைக்கும். சில நாள் பிரிந்திருந்தால் அந்தப் பொது வாசனை போய்விடும். கூடப் பிறந்ததும் அந்நியமாகிவிடும். காட்டில் விரட்டப்பட்டது ஓடித் தப்பிக்கும். கண்ணாடித் தொட்டியில் எங்கே ஓடும்? இந்தச் சண்டையைக் கெட்ட குணம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஓட வழியில்லாமல் அடைத்தது நாம்தானே.

எழுந்து நின்று முன்கையால் குத்திக்கொண்டால் பெரும்பாலும் விளையாட்டு. விடாமல் துரத்துவதும், கூட்டில் படுக்க விடாமல் தள்ளுவதும், வாலடியில் கடிப்பதும்தான் ஆபத்து. இரண்டும் பந்தாக உருண்டுவிட்டால் வெறுங்கையை விடக் கூடாது; தடித்த கையுறை போட்டுத்தான் பிரிக்க வேண்டும்.

கடிவாய் சீழ் வைக்கும். 1955-லிருந்து கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிற ஊர் என்பதால் வைத்தியத்துக்கு அலையவில்லை. புண் ஆறியபின், கோழிக்கூண்டுக்கு அடிக்கிற சின்னக் கண் கம்பிவலையை இரட்டையாக வைத்துத் தொட்டியைத் தடுத்தோம். தினமும் சில தடவை இரண்டையும் பக்கம் மாற்றினான். ஒன்றின் கூட்டில் மற்றது தூங்க வேண்டும், அதுதான் விஷயம். முதலில் வலையைக் கடித்தவை, பிறகு மூக்கை நீட்டி முகர்ந்தன. கடைசியில் வலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் முதுகை ஒட்டிப் படுத்தன. அதற்குப் பிறகுதான் வேறொரு சின்னப் பெட்டியில், சக்கரமோ பொம்மை வீடோ இல்லாமல் சேர்த்து விட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். இடம் பெரிதாக இருந்தால் ஆளுக்கொரு மூலையைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் பகை மூளும். ஒன்று மற்றதன் காதை நக்கத் தொடங்கியதும்தான் அவனுக்கு மூச்சு வந்தது.

எல்லா ஜோடியும் இப்படிச் சேராது. சேராவிட்டால் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கூண்டு வைப்பதே இரக்கம். சிரிய ஹாம்ஸ்டர் என்றால் இந்த முயற்சியே கூடாது. வளர்ந்துவிட்டால் அது தனியாக வாழ்கிற பிராணி. கடையில் ஜோடியாகத்தான் தருவோம் என்றால், இரண்டு கூண்டுக்கும் சேர்த்துப் பணம் எடுத்துப் போங்கள்.