ஒரு பட்டியலுக்குத் திருத்தம்

ரசனையைப் பற்றி இரண்டு வருஷங்களுக்கு முன்பு இந்தப் பத்திரிகையில் நான் எழுதிய கட்டுரையிலிருந்து ஒரு வாக்கியத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. பழைய பாட்டுகளையே கேட்டுக்கொண்டிருப்பவன் இசையைக் கேட்பதில்லை, தன் ஏக்கத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறான் என்று எழுதியிருந்தேன். வாக்கியம் நன்றாக அமைந்துவிட்டதால் வந்த வினை. அதை எழுதும்போது என் மனசில் இருந்தது ஒரே ஒரு ஆள்: சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் போர்மேனாக இருக்கும் என் நண்பன்.

நாங்கள் மூன்று பேர். 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புக்கும் சரவெடிக்கும் தடை போட்டது. அந்த தீபாவளி கழிந்து மூடிய ஆலைகள் மாதக்கணக்கில் திறக்கவில்லை. வேலையில்லாத போர்மேன், காலண்டர் வேலை முடிந்து பழைய கார் ஒன்று வாங்கியிருந்த அச்சகக்காரன், இரண்டாம் நான்காம் சனிக்கிழமைகளில் மட்டும் மனிதனாக இருக்கிற வங்கி குமாஸ்தா நான். கரிசல் ரோடுகளில் சுற்ற ஆரம்பித்தோம். ஆலைகள் திறந்த பிறகும் அது நிற்கவில்லை.

காரில் பென்டிரைவ். அதற்கு ஒரு சட்டம் வைத்தோம். ஆளுக்குப் பன்னிரண்டு பாட்டு. ஒருவன் பாட்டை இன்னொருவன் தாண்டக் கூடாது. பென்டிரைவில் ஆயிரக்கணக்கில் ஏற்றலாம், ஆனால் எல்லை இல்லாத இடத்தில் தேர்வு என்பது எங்கே இருக்கிறது? என் சித்தப்பா விருதுநகரில் ஒரு ரெக்கார்டிங் கடையில் நோட்டுத் தாளில் பாட்டு எழுதிக் கொடுத்து காஸெட் பதிந்து வாங்குவார். தொண்ணூறு காஸெட் என்றால் பக்கத்துக்கு நாற்பத்தைந்து நிமிஷம். கணக்குத் தப்பினால் கடைசிப் பாட்டு சரணத்தில் அறுந்துவிடும். அவர் ஒரு பாட்டைச் சேர்க்க இன்னொன்றை அடிக்கும்போது முகத்தில் தெரிந்த வேதனையை நான் பிற்பாடு எந்த விமர்சகர் முகத்திலும் பார்த்ததில்லை. க.நா.சு. பட்டியல் போட்டுப் போட்டே ஒரு விமர்சன மரபை உண்டாக்கினார். அவரைக் கேலி செய்தவர்களும் தங்கள் பையில் ஒரு பட்டியலோடுதான் திரிந்தார்கள்.

வாரநாட்களில் ஒருவருக்கொருவர் வாட்ஸப்பில் பாட்டு அனுப்பிக்கொள்வோம். போர்மேன் அனுப்புவது ஜி. ராமநாதன், கே.வி. மகாதேவன், பி.யு. சின்னப்பா. எழுபதோடு அவனுக்கு உலகம் முடிந்துவிடும். நான் எண்பதுகளின் இளையராஜாவை அனுப்புவேன். வயலின்கள் ஒரு பக்கமும் கிடார் ஒரு பக்கமும் ஒன்றையொன்று கேட்டுப் பதில் சொல்கிற பாட்டுகளாகப் பார்த்து, கூடவே நாலு வரி வியாக்யானமும். ஆலை பஸ்ஸில் இயர்போனில் கேட்டுவிட்டு அவன் பதில் போடுவான்: "பாடுறவர் நல்லாத்தான் பாடுறார். பின்னாடி யாருமே இல்லையே மாப்ள." அதே பாட்டு சனிக்கிழமை காரில் வரும்போது பேசாமல் இருப்பான்; முடிந்ததும், "இன்னொரு தடவை போடு." இதிலிருந்து நான் எடுத்த முடிவு, அவனுக்குச் சொந்த அபிப்பிராயம் கிடையாது, கூட்டத்தோடு சேர்ந்தால்தான் பிடிக்கும் என்பது. முன்ஸீட்டில் இடது பக்கம் எப்போதும் அவனுக்குத்தான். ஜன்னல் காற்றுக்கு ஆசைப்படுகிறான் என்று நினைத்தோம்.

போன மாசியில் வெம்பக்கோட்டை, திருவேங்கடம் வழியாகக் கழுகுமலை போனோம். யோசனை என்னுடையது. நம் பக்கத்தில் வழிக்கென்றே செய்த பாட்டு காவடிச்சிந்துதான். சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் கழுகுமலை முருகன்மேல் பாடியது. ஊற்றுமலை ஜமீன்தார் காவடி எடுத்து நடந்தபோது வழிநெடுகப் பாடியது என்று சொல்வார்கள். நடக்கிற காலுக்கு அளந்து வைத்த தாளம் அது. அறுபது கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிற காருக்குள் அதன் சந்தம் கொஞ்சம் மூச்சுத் திணறத்தான் செய்கிறது. அதைப் பதிப்பித்தவர் கு. அழகிரிசாமி. அவருக்கும் கி. ராஜநாராயணனுக்கும் கோவில்பட்டியைத் தாண்டி இடைசெவல்தான் ஊர். விளாத்திகுளம் சுவாமிகள் ராகத்தை விரிப்பதையும் காருகுறிச்சியின் நாகஸ்வரத்தையும் கேட்டு வளர்ந்தவர்கள் இரண்டு பேரும். ஒரே இடத்தில் உட்கார்ந்து ஒரே ஓசையைக் கேட்டவர்களுக்குப் பரிந்துரை தேவையில்லை. அழகிரிசாமி ஊரை விட்டுப் போன பிறகு எல்லாம் கடிதத்தில்தான் என்று ஆயிற்று. நாங்கள் ஆரம்பத்திலிருந்தே கடிதத்தில் இருக்கிறவர்கள்.

வெட்டுவான் கோயிலுக்கு மேலே பாறையில் உட்கார்ந்திருந்தோம். அச்சகக்காரன் தண்ணீர் வாங்கக் கீழே போயிருந்தான். நான் என் போனில் ஒரு பாட்டைப் போட்டு இயர்போனின் ஒரு முனையை அவனிடம் நீட்டினேன். அவன் அதை வலது காதில் வைத்தான்.

"அது இடது. மாத்திப் போட்டிருக்கே."

"அந்தப் பக்கம் கடை மூடியாச்சு மாப்ள."

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். 2016இல், ஆலையின் பெயர் வேண்டாம், ஒரு அறை போயிற்று. அவன் இருந்தது அடுத்த அறையில். அவனுக்கு இடது காது மட்டும். மற்றவர்களைப் பற்றி அவன் சொல்லவில்லை, நான் கேட்கவும் இல்லை. யாரிடமும் சொல்லாததற்குக் காரணம் எளிமையானது. ஒரு காது கேட்காதவனை மருந்து அறைப் பக்கம் போர்மேனாக யார் நிற்க விடுவார்கள்? எனக்கு அவனைத் தெரிந்ததே 2017க்குப் பிறகுதான்.

கீழே இறங்கி வரும்வரை நான் பேசவில்லை. கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். 1978இல் வந்த 'ப்ரியா'வின் பாட்டுகளைத்தான் தமிழில் ஸ்டீரியோவில் பதிவான முதல் பாட்டுகளாகச் சொல்கிறார்கள். அதற்கு முந்தியதெல்லாம் ஒற்றைத் தடம். எந்தக் காதில் வைத்தாலும் முழுப் பாட்டும் வரும். பிந்தியதில் குரல் நடுவே நிற்கும், அதனால் இரண்டு காதிலும் கேட்கும். வாத்தியங்கள் பங்கு பிரிந்துவிடும். வலது காதில் மட்டும் கேட்பவனுக்கு நான் அனுப்பிய கிடார் வரவே இல்லை. 'பின்னாடி யாருமே இல்லை' என்பதை அசட்டை என்று எடுத்துக்கொண்டேன். அது துல்லியமான விமர்சனம். காரில் இரண்டு பக்க ஸ்பீக்கரும் உள்ளே கலந்து, ஜன்னலோரம் இருப்பவனின் வலது காதுக்கு வந்து சேர்கிறது. இன்னொரு தடவை போடு என்று ஏன் சொல்லமாட்டான்?

வியாக்யானம் எழுதுகிறவன் செய்கிற முதல் அனுமானம், எதிரே இருப்பவனுக்கும் தனக்குக் கிடைத்த அதே பிரதி கிடைத்திருக்கிறது என்பது. அந்த அனுமானத்தின்மேல் ஏறி நின்றுகொண்டு அவன் ரசனைக்கு நோய் பெயர் வைத்தேன். அச்சில் வைத்தேன். அவன் அதைப் படித்திருந்தான் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. "நல்லா எழுதியிருந்தே. யாரையோ திட்டுறேன்னு தெரிஞ்சுச்சு" என்றான். இதை எழுதட்டுமா என்றதற்கு, "எழுது. பேரைப் போடாதே."

திருவேங்கடத்தில் டீக்கடையில் அவன் போனை வாங்கி அமைப்புகளில் தேடினேன். இரண்டு தடத்தையும் ஒன்றாக்கித் தரும் வசதி அதில் இருக்கிறது. இவ்வளவு காலம் அங்கேயே இருந்திருக்கிறது. போட்டுவிட்டு, முதல் வருஷம் நான் அனுப்பியிருந்த பாட்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். வலது காதில் வைத்துக்கொண்டு, டீ ஆறுவதுகூடத் தெரியாமல் கேட்டான். முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெட்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் பார்த்தேன்.

"இத்தனை பேரா வாசிச்சிருக்காங்க?" என்றான். பிறகு கொஞ்ச நேரம் கழித்து, "நல்லாத்தான் இருக்கு. ஆனா சின்னப்பாகிட்ட வராது."

அடுத்த பயணத்துக்கு அவன் கொடுத்த பன்னிரண்டும் 1960க்கு முந்தியவை.