அப்பாவின் பழைய சோறு

எனக்குக் கடலூரில் வேலை. அப்பா சிதம்பரத்தில் தனியாக இருக்கிறார். அவருக்குச் சர்க்கரை என்று தெரிந்ததும் நான் முதலில் நிறுத்தியது பழைய சோற்றைத்தான். "காலையில சோறா? கூடவே கூடாதுப்பா!" பதிலுக்கு பிஸ்கட்டும் பிரெட்டும் வாங்கி வைத்துவிட்டு வந்தேன். மூன்றே மாதத்தில் மலச்சிக்கல், வயிற்று உப்புசம். "இது என் வயிறு மாதிரியே இல்லம்மா" என்றார்.

டாக்டர்தான் புரியவைத்தார். வடித்த சோறு ஆறும்போது அதன் மாவுச்சத்தில் கொஞ்சம், எளிதில் செரிக்காத மாவாக மாறிவிடும். அது சிறுகுடலைத் தாண்டிப் பெருங்குடலுக்குப் போகும். அங்கே இருக்கும் பாக்டீரியாக்களுக்கு அதுவும் நார்ச்சத்தும்தான் சாப்பாடு. அதைத் தின்று அவை பியூட்டிரேட் போன்ற கொழுப்பு அமிலங்களை உண்டாக்குகின்றன. பெருங்குடலின் உள்சுவர் செல்களுக்கு முக்கிய எரிபொருளே பியூட்டிரேட்தான். குடல் அழற்சி நோய்க்குப் பழைய சோறு உதவுமா என்று சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் ஆய்வே நடத்தியிருக்கிறார்கள்.

அதற்காகச் சர்க்கரைக்காரர்கள் சட்டி நிறையச் சாப்பிடலாம் என்று அர்த்தமில்லை. சோறு சோறுதான். டாக்டரிடம் கேட்டு ஓர் அளவுக்கு வந்தோம். வாரம் இரண்டு நாள், சின்னக் கிண்ணம், மோர், நிறைய சின்ன வெங்காயம். மற்ற நாட்களில் சுண்டல், கீரை, அவருக்குப் பிடித்த கத்திரிக்காய் கொத்சு. சாப்பிட்ட பிறகு சர்க்கரை எவ்வளவு என்று அவரே பார்த்துக் காலண்டரில் குறித்து வைக்கிறார். வயிறும் வழிக்கு வந்துவிட்டது.

போன சனிக்கிழமை இரவு ஊருக்குப் போனேன். மண்சட்டியில் வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகமாகச் சோறு ஊறிக்கொண்டிருந்தது. முறைத்தேன்.

"உனக்கும் சேர்த்துத்தாம்மா தண்ணி ஊத்தினேன்" என்றார்.