22 எழுத்துத் தணிக்கை

பிரிட்டிஷ் நோயியல் நிபுணரான சேர் அன்ரனி எப்ஸ்ரீன் 2024 பெப்ரவரியில் தனது 102 ஆவது வயதில் காலமானார். அதே வருடம் ஒக்டோபரில் மருத்துவத்துக்கான நோபல் பரிசு விக்ரர் அம்புறோஸ், கரி ருவ்கன் என்ற இரு அமெரிக்க விஞ்ஞானிகளுக்கு அறிவிக்கப்பட்டது. முதலாவது செய்தி நான் பார்த்த பத்திரிகைகளில் உட்பக்க மரணக்குறிப்பாகவும் இரண்டாவது முதற்பக்கத்திலும் இடம்பெற்றன. இவ்விரண்டும் ஒரே கதையின் இரு அத்தியாயங்கள் என்பதை அவற்றில் எதுவும் குறிப்பிடவில்லை.

கதை உகண்டாவில் ஆரம்பிக்கிறது. 1957 இல் கம்பாலாவின் முலாகோ வைத்தியசாலையில் பணியாற்றிய டெனிஸ் பர்கிற் என்ற அயர்லாந்துச் சத்திரசிகிச்சை நிபுணர், தாடை எலும்பில் பெரும் வீக்கங்களுடன் வந்த சிறுவர்களைக் கண்டார். அது ஒருவகைப் புற்றுநோய் என்பதும், மலேரியா மலிந்த வெப்பமான தாழ்நிலப் பிரதேசங்களிலேயே பெரிதும் காணப்படுகிறது என்பதும் பின்னர் தெளிவாகின. 1961 மார்ச்சில் லண்டன் மிடில்செக்ஸ் வைத்தியசாலையில் அவர் நிகழ்த்திய உரையைக் கேட்டுக்கொண்டிருந்தவர்களில் எப்ஸ்ரீனும் ஒருவர். இதற்குப் பின்னால் ஒரு வைரஸ் இருக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. கம்பாலாவிலிருந்து விமானத்தில் வந்த கட்டித் துண்டுகளை ஏறத்தாழ மூன்று வருடங்கள் ஆராய்ந்தும் பலன் கிட்டவில்லை. 1963 டிசம்பரில் ஒரு மாதிரி, லண்டனைச் சூழ்ந்த பனிமூட்டம் காரணமாக மான்செஸ்டருக்குத் திருப்பப்பட்டுத் தாமதமாக வந்துசேர்ந்தது. குப்பியில் இருந்த திரவம் கலங்கியிருந்தது. பழுதாகிவிட்டது என்று எறிந்திருக்கலாம். எப்ஸ்ரீன் ஒரு துளியை நுண்ணோக்கியில் பார்த்தார். கலங்கலுக்குக் காரணம் பக்ரீரியா அல்ல, கட்டியிலிருந்து பிரிந்து மிதந்துகொண்டிருந்த உயிருள்ள கலங்கள். அவற்றை வளர்த்தெடுத்தபோது 1964 இல் இலத்திரன் நுண்ணோக்கியில் வைரஸ் தெரிந்தது. எப்ஸ்ரீனின் பெயரும் அவரது உதவியாளர் இவோன் பாரின் பெயரும் அதற்குச் சூட்டப்பட்டன. மூன்றாமவரான, ட்ரினிடாட்டிலிருந்து வந்த பேர்ட் அச்சோங்கின் பெயர் விடுபட்டுப்போனது!

மனிதரில் புற்றுநோயுடன் தொடர்புடையதாக முதன்முதலில் இனங்காணப்பட்ட வைரஸ் அதுவே. மூக்குத் தொண்டைப் புற்றுநோய், வயிற்றுப் புற்றுநோய்களில் ஒரு பகுதி, ஹொட்ஜ்கின் நோயில் ஒரு பகுதி ஆகியவற்றுடனும் அது தொடர்புடையது என்பது பின்னர் நிறுவப்பட்டது.

இதை எழுதத் தூண்டியது ரொறன்ரோவிலிருந்து ஒரு வாசகி அனுப்பிய மின்னஞ்சல். அவரது அண்ணனுக்கு மூக்குத் தொண்டைப் புற்றுநோய். 'எப்ஸ்ரீன் - பார் வைரஸ்' என்று வைத்தியர் சொன்ன நாளிலிருந்து வீட்டில் அவருக்குத் தனித் தட்டு, தனிக் கோப்பை. பேரப்பிள்ளையை மடியில் வைத்திருக்கவும் விடுவதில்லையாம். "இது தொற்றுமா ஐயா?" என்று கேட்டிருந்தார்.

வைரஸ் தொற்றும், புற்றுநோய் தொற்றாது. இந்த வைரஸ் எச்சில் மூலம் பரவுகிறது. உலகில் வயதுவந்தோரில் பத்துப்பேரில் ஒன்பது பேருக்கு மேல் ஏற்கெனவே அதைச் சுமந்துகொண்டிருக்கிறார்கள். கோப்பையைப் பிரித்துவைத்த உறவினர்களிடமும் அது பெரும்பாலும் இருக்கவே செய்யும். ஆயுள் முழுவதும் அமைதியாக இருக்கும் அந்த வைரஸ் மிகச்சிலரில் மட்டும் புற்றுநோய்க்குத் துணைபோகிறது. மரபு, மலேரியா, தென்சீனத்து உப்பு மீன் போன்ற வேறு காரணிகளும் கூடவேண்டியிருக்கிறது.

அது எவ்வாறு துணைபோகிறது என்ற இடத்தில்தான் நோபல் பரிசுச் செய்தி வந்து இணைகிறது. அம்புறோஸும் ருவ்கனும் 1993 இல் ஒரு மில்லிமீற்றர் நீளமான வட்டப்புழுவில் கண்டறிந்தது, சுமார் 22 எழுத்துக்களே கொண்ட ஒரு ஆர்.என்.ஏ. துணுக்கு. மைக்ரோ ஆர்.என்.ஏ. என்று இன்று அழைக்கப்படும் இத்துணுக்குகளிலிருந்து எந்தப் புரதமும் உருவாவதில்லை. வேறு புரதங்கள் உருவாவதைக் குறைப்பதே அவற்றின் வேலை.

கலைப் பட்டதாரியான எனக்கு இதைப் புரிந்துகொள்ள எனது தொழிலே கைகொடுத்தது. யுத்தகாலத்தில் இராணுவச் செய்திகளுக்குத் தணிக்கை நடைமுறையில் இருந்த நாட்களில், தணிக்கை அதிகாரி நிருபரின் குறிப்புப் புத்தகத்தைத் தொடுவதில்லை. அச்சுக்குப் போகும் பிரதியில்தான் அவரது பேனா விழும். மைக்ரோ ஆர்.என்.ஏ.யும் மரபணுவைத் தொடுவதில்லை. அதிலிருந்து புறப்படும் தூதுப் பிரதியில் ஒட்டிக்கொண்டு அச்சேறாமல் தடுக்கிறது. முற்றாகத் தடுப்பதைவிடக் குறைப்பதே அதிகம் என்ற அளவில் எமது அதிகாரிகளைவிட அது தாராளமானது.

வைரஸிடமும் இந்தப் பேனா இருக்கிறது என்பதை நியூயோர்க் ரொக்ஃபெலர் பல்கலைக்கழகத்தில் தோமஸ் துஷ்லின் குழுவினர் 2004 இல் கண்டறிந்தனர். முதலில் அகப்பட்டது எப்ஸ்ரீனின் வைரஸேதான்! அன்று ஐந்து, இன்று நாற்பதுக்கும் மேல். மூக்குத் தொண்டைப் புற்றுநோய்க் கலங்களில் இந்த வைரஸ் மிகச் சில புரதங்களையே உருவாக்குகிறது. அந்நியப் புரதத்தை நோயெதிர்ப்புச் சக்தி அடையாளம் கண்டுவிடும் அல்லவா? ஆனால் மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களைத் தாராளமாக உருவாக்குகிறது. அவை புரதமல்ல என்பதால் காவலர்களின் கண்ணில் எளிதில் படுவதில்லை. அவற்றில் ஒன்று, பழுதடைந்த கலம் தன்னைத்தானே மாய்த்துக்கொள்ள உதவும் 'பூமா' என்ற புரதத்தை அடக்குகிறது என்று ஹொங்கொங் ஆய்வாளர்கள் 2008 இல் காட்டினர். சாகவேண்டிய கலம் சாகாமல் இருக்கிறது.

இதனால்தான் புற்றுநோய் வருகிறது என்று கூறிவிட முடியுமா? செய்தித் தலைப்புகள் அவசரப்படும் இடம் இது. மிகத் தெளிவான சான்று மனிதரிடமிருந்து அல்ல, கோழியிடமிருந்து கிடைத்திருக்கிறது. ஹங்கேரிய மிருக வைத்தியர் யோசெஃப் மாரெக் 1907 இல் விபரித்த நோயை உண்டாக்கும் வைரஸ், கோழிகளில் புற்றுக்கட்டிகளைத் தோற்றுவிக்கும். அந்த வைரஸின் மைக்ரோ ஆர்.என்.ஏ. ஒன்று, கோழியின் சொந்த மைக்ரோ ஆர்.என்.ஏ.யான 155 ஆம் இலக்கத்தின் ஒப்பத்தைப் போலியாக இடுகிறது. மனிதரில் கபோசி சார்கோமாவை உண்டாக்கும் வைரஸும் அதே இலக்கத்தையே போலி செய்கிறது என்பது 2007 இல் தெரியவந்திருந்தது. 2011 இல் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் மாரெக் வைரஸின் அந்தத் துணுக்கில் இரண்டே இரண்டு எழுத்துக்களை மாற்றினார்கள். கோழிகளில் கட்டிகள் தோன்றவில்லை. அதன் இடத்தில் கோழியின் சொந்த 155 ஐ வைத்தபோது கட்டிகள் மீண்டும் தோன்றின.

மனிதரில் இத்தகைய பரிசோதனையைச் செய்ய முடியாது. செய்யவும் கூடாது. ஆகவே எப்ஸ்ரீன் - பார் வைரஸின் துணுக்குகளை உடந்தையாளர்கள் என்று கூறலாம். பிரதான குற்றவாளி என்று தீர்ப்பளிக்க இன்னும் சான்று போதாது.

அவற்றை முடக்கும் மருந்து ஏதும் வந்துவிட்டதா என்றும் அந்த வாசகி கேட்டிருந்தார். வைத்தியசாலையில் கொடுக்கும் நிலையில் எதுவும் இல்லை. ஆனால், இந்த வைரஸின் மரபுப்பொருளை இரத்தத்தில் தேடி நோயை முன்கூட்டியே கண்டுபிடிக்க முடிகிறது. ஹொங்கொங்கில் 20 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களை அவ்வாறு பரிசோதித்து 34 பேரிடம் மூக்குத் தொண்டைப் புற்றுநோயைக் கண்டறிந்ததாக 2017 இல் அறிக்கை வெளியானது. அவர்களில் சுமார் 70 சதவீதமானோர் ஆரம்பக் கட்டங்களில் இருந்தார்கள். அந்தக் கட்டத்தில் இந்த நோய் கதிர்வீச்சுச் சிகிச்சைக்கு நன்றாகவே இணங்கும். அண்ணனின் நோய் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று வைத்தியரிடம் கேளுங்கள் என எழுதினேன். பேரப்பிள்ளையை அவர் மடியில் கொடுங்கள் என்றும் எழுதினேன்.