ஒற்றை வால்வு

ஆலங்குடியில் சித்தப்பா வைத்திருந்த மைக்செட் கடைசியில் என்னிடம் வந்தது. துருவேறிய சேஸிஸ், இரண்டு டிரான்ஸ்பார்மர், இரண்டு ஈஎல் 84 வால்வுகள். கண்டென்சர்களை மட்டும் புதிதாக வாங்கினேன். பழசை நம்ப முடியாது. நல்லதோ, செட்டை அணைத்த பிறகும் 300 வோல்ட்டை வைத்துக்கொண்டு விரலுக்குக் காத்திருக்கும்.

புஷ்-புல் என்பது எளிய ஏற்பாடு. முன்வால்வு ஒரே ஒலியை நேராகவும் தலைகீழாகவும் இரண்டாக்கித் தருகிறது. ஒரு வால்வு தள்ள, மற்றது இழுக்கிறது. அவுட்புட் டிரான்ஸ்பார்மரில் இரண்டும் சேரும்போது இருவருக்கும் பொதுவான இரைச்சலும் இரட்டைப்படை ஹார்மோனிக்ஸும் ஒன்றையொன்று தின்றுவிடுகின்றன. மிச்சம், சுத்தமான பத்து வாட்.

சோதித்தபோது ஒரு வால்வில் ஹீட்டர் அறுந்திருந்தது. எத்தனை வருஷமாகவோ. ஒன்று போனாலும் செட் நிற்பதில்லை, கரகரத்துக்கொண்டு பாடும். குழாய் ஸ்பீக்கரில் யார் கவனிக்கப்போகிறார்கள்?

புது ஜோடி போட்டு, இரண்டிலும் மின்னோட்டம் சமமா என்று அளந்தேன். ‘கொஞ்சும் சலங்கை’ (1962) இசைத்தட்டை வைத்தேன். சித்தப்பா எந்தக் கல்யாணத்திலும் முதலில் போடுவது. காருகுறிச்சி அருணாசலத்தின் நாயனம் அப்பழுக்கில்லாமல் வந்தது. நான் கேட்டு வளர்ந்தது இதுவல்ல.

அணைத்தேன். கண்டென்சர் வடியும்வரை உட்கார்ந்திருந்தேன். ஒரு வால்வைப் பிடுங்கிவிட்டு மறுபடி போட்டேன். கல்யாண வீடு, பந்தல், சித்தப்பா, எல்லாம் அந்தக் கரகரப்பில் இருந்தன. டிரான்ஸ்பார்மருக்கு இது ஆகாது. ஒருபக்க மின்னோட்டத்தில் இரும்பு காந்தமேறித் திணறும். பாட்டு முடியும்வரை விட்டு வைத்தேன்.